2ஜி-யிலிருந்து 3ஜி-க்கு நாம் எந்த நாளில் மாறினோம்?

கேள்வி சுருக்கமாக இது: 2ஜி நெட்வொர்க்கை 3ஜி-யாக மாற்றியபோது பழையதை எந்த நாளில் நிறுத்தினார்கள், பேசிக்கொண்டிருந்த நமக்குத் தெரியாமலே அதை எப்படி முடித்தார்கள், அப்படி மாற்றியிருந்தால் இன்றைக்கும் சில இடங்களில் போன் 2ஜி காட்டுவதும் 3ஜி கிட்டத்தட்டக் காணாமல் போனதும் எப்படி?

பழையதை நிறுத்தவே இல்லை. பதில் அவ்வளவுதான், மற்றதெல்லாம் விளக்கம். ஆள் குடியிருக்கிற வீட்டின் மேலேயே மாடி எடுப்பது போன்ற வேலை அது. கீழே இருப்பவர் சமைத்துக்கொண்டிருப்பார், மேலே கம்பி கட்டிக்கொண்டிருப்பார்கள், படிக்கட்டு மட்டும் பொது. பத்து வருடம் கழித்து மாடியைத்தான் இடித்தார்கள். கீழ்வீட்டுக்காரர் இன்னும் காலி செய்யவில்லை.

2010 கடைசியிலிருந்து நாலு வருடம் கொங்குப் பக்கம் டிரைவ் டெஸ்ட் வேலையில் இருந்தேன். காரின் பின்சீட்டில் லேப்டாப், ஜிபிஎஸ், நாலு போன், அத்தனைக்கும் கரண்ட் கொடுக்க ஒரு இன்வெர்ட்டர் என்று அடுக்கி வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி, எங்கே சிக்னல் எவ்வளவு, எங்கே கால் கட் ஆகிறது என்று பதிவு செய்கிற வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்எம், அதாவது நம் போன்களில் ஓடிய 2ஜி முறை, பேசுவதற்காகவே உருவாக்கியது. 200 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு அலைவரிசை, அதில் எட்டு டைம்ஸ்லாட், ஆளுக்கு ஒரு ஸ்லாட். ரேஷன் கடை வரிசை மாதிரி, உங்கள் முறை வரும்போது மட்டும்தான் உங்கள் போன் ஒலிபரப்பும், வினாடிக்கு 217 தடவை. பழைய டிவி பக்கத்திலோ கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்திலோ போனை வைத்திருந்தால், மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் 'டிட்டி டிட் டிட்டி டிட்' என்று ஒரு சத்தம் வருமே, அது இந்த 217 தான். 3ஜி-யில் போன் விட்டு விட்டு ஒலிபரப்பாது, தொடர்ந்து ஒலிபரப்பும், அதனால் அந்தச் சத்தம் போய்விட்டது. நெட்வொர்க் மாறியதைக் காதால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்த ஒரே அடையாளம் அதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் சத்தம் வந்தால் கவனிக்கிற நாம் அது வராமல் போனதை எங்கே கவனித்தோம்.

அந்த ஸ்லாட்டுகளில் பேச்சுக்குப் போக மிச்சம் இருந்ததை டேட்டாவுக்குக் கொடுத்ததுதான் ஜிபிஆர்எஸ். வழக்கமாக ஒரு ஸ்லாட்டில் 13 கிலோபிட் சொச்சம் போகும், நாலு ஸ்லாட்டைச் சேர்த்துப் பிடித்தாலும் வினாடிக்கு 50 கிலோபிட்டைத் தொட்டால் பெரிய விஷயம். அடுத்து எட்ஜ் வந்தது. அதே ஸ்லாட், அதே டவர், ஒரு தடவை அனுப்பும்போது ஒரு பிட்டுக்குப் பதில் மூன்று பிட் ஏற்றுகிற தந்திரம் மட்டும் புதிது. காகிதக் கணக்கில் நாலு ஸ்லாட்டுக்கு 236 கிலோபிட், ஆனால் அது டவருக்கு அடியில் நிற்பவனுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு ஊரே போனில் பேசும்போது பேச்சுக்குத்தான் முன்னுரிமை என்பதால் டேட்டாவுக்கு ஒன்றோ அரையோதான் மிஞ்சும். யாராவது அழைத்தால் டேட்டா அப்படியே நின்றுவிடும், பேசி முடித்த பிறகுதான் மறுபடி நகரும். ஒரு படம் முக்கால்வாசி இறங்கி நின்றுபோன எரிச்சல் அந்தக் காலத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இங்கேதான் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. ஜிபிஆர்எஸ்-க்காக நெட்வொர்க்கின் நடுவில் சில புதிய பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். இணையத்துக்குப் போகிற போக்குவரத்தைப் பேச்சிலிருந்து பிரித்து வேறு வழியில் விடுகிற பெட்டிகள் அவை. 3ஜி வடிவமைத்தவர்கள் அந்தப் பெட்டிகளையே தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். பேச்சை இணைக்கிற சுவிட்சும் அதே, யார் வாடிக்கையாளர் என்கிற பதிவேடும் அதே, பில் போடுகிற கணினியும் அதே. மென்பொருளை உயர்த்திக் கொண்டார்கள், அவ்வளவுதான். முழுக்கப் புதிதாக வந்தது காற்றில் பேசுகிற பகுதி மட்டும்: டவரில் ஒரு புது ஆண்டெனா, அடியில் ஒரு புதுப் பெட்டி, பல டவர்களை ஆட்டிவைக்கிற ஒரு புதுக் கட்டுப்பாட்டு நிலையம். அதனால்தான் பழைய சிம்மே பெரும்பாலும் வேலை செய்தது, எண்ணும் மாறவில்லை, '3ஜி' என்று ஒரு எஸ்எம்எஸ் தட்டினால் போதும் என்றார்கள். மாற்றம் 3ஜி அன்றைக்குத் தொடங்கவில்லை, ஜிபிஆர்எஸ் வந்த அன்றைக்கே தொடங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

ஜப்பானில் அப்படி நடக்கவில்லை. உலகத்திலேயே முதலில் வணிகரீதியாக இந்த 3ஜி-யைத் தொடங்கியது டோகோமோ நிறுவனம், 2001 அக்டோபர் 1, டோக்கியோவில். அவர்களுடைய 2ஜி வேறு ஜாதி, ஜிஎஸ்எம் அல்ல. புதுப் போனுக்குப் பழைய நெட்வொர்க் பேசத் தெரியாது, 3ஜி எல்லையைத் தாண்டினால் போன் செத்த பொருள். பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்தது. ஆட்கள் சேரத் தயங்கினார்கள், அதனால் ஒரே எண்ணைப் பழைய போன் ஒன்று, புதுப் போன் ஒன்று என இரண்டில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் சேவையைக்கூடக் கொடுத்துப் பார்த்தார்கள். பிரிட்டனில் 2003 மார்ச் 3-ஆம் தேதி, பெயருக்குப் பொருத்தமாக 03-03-03 அன்று, 'திரீ' நிறுவனம் தொடங்கியபோது அவர்களிடம் சொந்த 2ஜி-யே கிடையாது. ஆனாலும் ஓ2 நிறுவனத்தின் 2ஜி மேல் சாய்ந்துகொண்டார்கள், 3ஜி கிடைக்காத இடத்தில் போன் தானாக அங்கே இறங்கிக்கொள்ளும். சாய ஒரு தோள் இருந்தால்தான் 3ஜி நிற்கும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பிரிட்டன் நிறுவனங்கள் 2000-ஆம் ஆண்டு ஏலத்தில் 2,250 கோடி பவுண்டு கொட்டி உரிமம் வாங்கியிருந்தன, ஜெர்மனியில் அதைவிட அதிகம், 5,000 கோடி யூரோவுக்கு மேல். உரிமத்துக்கே காசு கரைந்த பிறகு டவருக்கு எங்கே போவது? ஐரோப்பாவில் 3ஜி இழுத்தடித்ததற்குத் தொழில்நுட்பத்தைவிட இந்தக் கடன்தான் காரணம் என்பது என் கட்சி.

நம் கதைக்கு வருகிறேன். தெற்காசியாவில் முதலில் 3ஜி வந்தது இலங்கையில், டயலாக் 2006-இல் தொடங்கியது. இந்தியாவில் 3ஜி-க்கு வேண்டிய 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை பாதுகாப்புப் படைகளின் கையில் இருந்தது, அதை விடுவிப்பதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. இதில் ஒரு வேடிக்கை, 'ஐபோன் 3ஜி' 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு விற்பனைக்கு வந்துவிட்டது, 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய், ஆனால் அதைப் போட்டுப் பார்க்க நாட்டில் 3ஜி எங்குமே கிடையாது! டிசம்பரில்தான் டெல்லியில் எம்டிஎன்எல் தொடங்கியது, 2009 பிப்ரவரியில் சென்னைக்கு பிஎஸ்என்எல் கொண்டுவந்தது. தனியார் நிறுவனங்களுக்கான ஏலம் 2010 ஏப்ரல் 9-இல் தொடங்கி 34 நாள், 183 சுற்று ஓடி மே 19-இல் முடிந்தது. அரசுக்கு, பிஎஸ்என்எல்-எம்டிஎன்எல் கட்டியதையும் சேர்த்து, 67,719 கோடி ரூபாய் கிடைத்தது. தொலைத்தொடர்புக்காக நாட்டை 22 வட்டங்களாகப் பிரித்திருந்தார்கள், எந்த ஒரு கம்பெனிக்கும் 22-உம் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டு வட்டத்தில் ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் மூன்றும் ஆளுக்கு 1,464.94 கோடி கட்டி எடுத்தன. நாட்டில் முதலில் தொடங்கிய தனியார் டாடா டோகோமோ, 2010 தீபாவளியன்று. மற்றவர்கள் அடுத்த சில மாதங்களில் வரிசையாக வந்தார்கள். 

வாங்கியது எவ்வளவு என்று பாருங்கள்: போக 5, வர 5 மெகாஹெர்ட்ஸ். 3ஜி-யின் ஒரு கேரியருக்கு, அதாவது ஒலிபரப்புகிற ஒரு அலைப் பட்டைக்கு, 5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். ஆக ஒரே ஒரு கேரியர். பிரிட்டனில் உரிமத்துக்கு இரண்டு மூன்று கேரியர் கொடுத்தார்கள், இங்கே ஒன்றுக்கே இந்த விலை. எந்த வட்டத்தில் உரிமம் கிடைக்கவில்லையோ அங்கே மற்றவனுடைய 3ஜி-யைப் பகிர்ந்துகொள்கிறோம் என்று கம்பெனிகள் ஒப்பந்தம் போட்டன, 2011 கடைசியில் தொலைத்தொடர்புத் துறை அதைக் கூடாது என்றது, வழக்கு நடந்து 2014-இல் தீர்ப்பாயம் கம்பெனிகள் பக்கம் சொன்னது. இடையில் போன காலம் போனதுதான்.

சரி, களத்துக்கு வருவோம்.

3ஜி-யின் 2100 மெகாஹெர்ட்ஸ் அலை 2ஜி-யின் 900 அளவுக்குத் தூரம் போகாது. ஒரே தூரத்தில் ஏழு டெசிபலுக்கு மேல் கூடுதலாக இழக்கும், அதாவது ஐந்து மடங்குக்கும் அதிகம். சுவரைத் தாண்டி உள்ளே வருவதிலும் அது சோப்ளாங்கி. இப்போது 2ஜி-க்குத் திட்டமிட்டு நட்ட அதே டவர்களில் 3ஜி ஆண்டெனாவை மாட்டினால் என்ன ஆகும்? டவருக்கு டவர் நடுவில் இடைவெளி விழும். கோயம்புத்தூர் நகருக்குள் டவர் நெருக்கம், பிரச்சினை இல்லை. பல்லடம் தாண்டித் தாராபுரம் ரோட்டில் போனால் ஊருக்கு ஊர் 3ஜி, நடுவில் காட்டுக்குள் 2ஜி, மறுபடி 3ஜி. அந்த வழியில் பேசிக்கொண்டே பஸ்ஸில் போகிறவருடைய அழைப்பு ஒரு மணி நேரத்தில் இரண்டு உலகங்களுக்கு இடையே பத்துத் தடவை ஏறி இறங்கும்.

அதை அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை, இந்த மாற்றத்தின் உண்மையான வேலையும் அதுதான். 3ஜி-யில் பேசிக்கொண்டிருக்கும் போன் தொடர்ந்து ஒலிபரப்பி, தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும், 2ஜி டவர் எப்படி இருக்கிறது என்று எட்டிப்பார்க்க அதற்கு நேரமே கிடையாது. அதனால் சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் நெட்வொர்க், 'கொஞ்சம் வேகமாக அனுப்பி முடித்துவிட்டுக் கிடைக்கிற இடைவெளியில் பக்கத்து 2ஜி-யை அளந்து சொல்' என்று போனுக்கு உத்தரவு போடும். எதையெல்லாம் அளக்க வேண்டும் என்ற பட்டியலையும் நெட்வொர்க்தான் கொடுக்கும். அந்தப் பட்டியலுக்குப் பெயர் நெய்பர் லிஸ்ட். ஒரு டவர் ஆண்டெனா எட்டுகிற பகுதிதான் ஒரு செல்; ஆயிரக்கணக்கான செல், ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல், பாதி எக்செல் ஷீட்டில் கையால் தட்டியது.

ஒரு இடத்தில் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். ஆற்றுப் பாலத்தில் ஏறினால் அழைப்பு அறுந்துவிடும், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்தால் ஒன்றும் ஆகாது. ஆண்டெனாவின் சாய்வைக் குறைத்தோம், கூட்டினோம், பவரைக் கூட்டினோம், நெட்வொர்க் கம்பெனியின் மேலதிகாரி ஒருவர் பாலத்து இரும்பைக் காரணம் சொல்லி அறிக்கையே எழுதிவிட்டார். கடைசியில் பார்த்தால் பட்டியலில் எதிர்க்கரை 2ஜி செல்லின் எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. இல்லாத டவரைப் போன் தேடிக்கொண்டே பாலத்தில் உயிரை விட்டிருக்கிறது. திருத்த இரண்டு நிமிடம் ஆனது.

இன்னொரு தொல்லை, 3ஜி செல்லின் எல்லை நிலையாக நிற்காது. எல்லோரும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், ஆளுக்கு ஒரு குறியீடு கொடுத்துத்தான் பிரிக்கிறோம். ஒருவனுடைய பேச்சு மற்றவனுக்கு இரைச்சல். அதனால் யாரும் தேவைக்கு மேல் கத்தக் கூடாது என்று வினாடிக்கு 1,500 தடவை ஒவ்வொரு போனின் பவரையும் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். அப்படியும் ஆள் கூடக் கூட இரைச்சல் ஏறும், ஓரத்தில் இருப்பவன் முழுப் பவரில் கத்தினாலும் டவருக்குக் கேட்காது. செல் சுருங்கிவிடும். காலியாக இருக்கும்போது இரண்டு கிலோமீட்டர் எட்டிய செல், கூட்டம் சேர்ந்தால் ஒன்றரைகூட எட்டாது. 2012 தைப்பூசத்துக்கு உடுமலையிலிருந்து பழனிக்குப் போகிற சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் நகர நகர, பின்னால் ஒவ்வொரு செல்லாகச் சுருங்கி விரிவதை லேப்டாப்பில் உட்கார்ந்து பார்த்தேன். சுருங்கின இடத்தில் இருந்தவர்களைத் தாங்கிக்கொண்டது 2ஜி தான். அது இல்லாமல் 3ஜி மட்டும் இருந்திருந்தால் அன்றைக்குப் பாதிப் பேருக்கு வீட்டுக்குப் பேசக்கூட முடிந்திருக்காது.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் வந்த 3ஜி வினாடிக்கு 384 கிலோபிட் தான், எட்ஜைப் பார்த்துவிட்டு வந்தவனுக்குப் பெரிய தாவல் இல்லை. ஹெச்எஸ்டிபிஏ என்கிற மேம்பாடு சேர்ந்த பிறகுதான் 3.6, 7.2 மெகாபிட் என்று பேச்சு வந்தது, போனில் 'ஹெச்' என்ற எழுத்து தெரியுமே, அது. இந்தியா தாமதமாக வந்ததில் ஒரே லாபம், நாம் நேராக அதிலேயே இறங்கினோம். ஆனால் டவரிலிருந்து பின்னால் போகிற லைன் பழையது. 2ஜி டவருக்கு 2 மெகாபிட் லைன் ஒன்று போதும், இழுத்தால் அதிலேயே நாலு டவரைக்கூடக் கோர்க்கலாம். அங்கே 3ஜி பெட்டியை வைத்து, கூட ஒன்றிரண்டு லைனைக் கொடுத்துத் திறந்துவிட்டார்கள். காற்றில் 7.2, பின்னால் 4. வாடிக்கையாளர் போனில் அஞ்சு கட்டை சிக்னலும் 'ஹெச்'சும் தெரியும், பக்கம் திறக்காது. 'டவர் ஃபுல்லா இருக்கே தம்பி, நெட் ஏன் போகல?' என்று கேட்ட டீக்கடைக்காரருக்கு என்னவென்று சொல்வது. பைபரும் புது மைக்ரோவேவ் இணைப்பும் வந்து சேர ஓரிரு வருடம் ஆயிற்று.

சரி, டவர் தயார். ஆட்கள் மாறினார்களா? அதுவும் மெதுவாகத்தான். பேக் போடாமல் திறந்தால் 10 கிலோபைட்டுக்கு 10 பைசா, அதாவது ஒரு எம்பிக்குப் பத்து ரூபாய். 2012 நடுவில்தான் விலையை அடித்துக் குறைத்தார்கள். வீடியோ கால்தான் 3ஜி-யின் உயிர் என்று விளம்பரம் செய்தார்கள், எனக்குத் தெரிந்து வாங்கிய முதல் வாரம் செய்து பார்த்ததோடு எல்லோரும் விட்டுவிட்டார்கள். அப்புறம் அந்த இரண்டு சிம் போன்கள். முதல் ஸ்லாட்டில் போட்டால் 3ஜி, இரண்டாவதில் போட்டால் வெறும் 2ஜி, சந்தையில் ஓடியதெல்லாம் அந்த ரகம். ஆகவே புதுப் போன் வாங்கியவனும் ஒரு காலை 2ஜி-யிலேயே வைத்திருந்தான். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று செட்டிங்ஸில் போய் 'ஜிஎஸ்எம் மட்டும்' என்று வைத்துக்கொண்டவர்களும் ஏராளம், அது தப்பும் இல்லை. 3ஜி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் போன் அங்கேயும் இங்கேயும் தாவித் தாவியே பேட்டரியைத் தின்றுவிடும்.

இந்த நிலையில் 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி-யோடு வந்தது. அவர்களிடம் 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை, பேச்சையே டேட்டாவாக அனுப்பினார்கள். மற்ற கம்பெனிகளின் 4ஜி-யில் அப்போது பேச முடியாது, அழைப்பு வந்தால் போன் 3ஜி-க்கோ 2ஜி-க்கோ இறங்கிப் பேசிவிட்டு மறுபடி ஏறும். அவர்களும் 4ஜி-யிலேயே பேசுகிற வசதியைக் கொண்டுவந்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். டேட்டாவுக்கு 4ஜி இருக்கிறது, 3ஜி அதில் பாதிகூட வராது. பேச்சுக்கு 2ஜி இருக்கிறது, அது எல்லாப் போனிலும் வேலை செய்யும். நடுவில் இருப்பதற்கு என்ன வேலை? ஏர்டெல் 2019 ஜூனில் கொல்கத்தாவில் தொடங்கி வட்டம் வட்டமாக 3ஜி-யை அணைத்தது. அணைத்த அலைவரிசை 4ஜி-க்குப் போனது. ஏர்செல் அதற்கு முன்பே, 2018-இல், திவாலாகி மொத்தமாகவே போய்விட்டது, அந்த 1,464 கோடியும்தான்.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2016 கடைசியிலேயே 2ஜி-யை மூடிவிட்டு, 3ஜி-யை 2022 பிப்ரவரியில் மூடியது, வரிசைப்படி. ஜெர்மனியில் 2021-க்குள் 3ஜி முழுக்கப் போய்விட்டது, 2ஜி தொடர்ந்தது. யாரிடம் எந்தப் பழைய சாதனம் எத்தனை லட்சம் மாட்டிக் கிடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எதை முதலில் அணைப்பது என்று தீர்மானிக்கிறார்கள்.

2ஜி-யைக் கொண்டாடவும் வேண்டாம். அதில் நெட்வொர்க் உங்கள் சிம்மைச் சோதிக்கும், உங்கள் போன் நெட்வொர்க்கைச் சோதிக்காது. எவனாவது போலி டவர் ஒன்றை வைத்தால் போன் நம்பிப் போய் ஒட்டிக்கொள்ளும், 3ஜி-யில்தான் இரண்டு பக்கமும் சோதிக்கிற முறை வந்தது. ஆண்ட்ராய்டு 12-லிருந்து சில போன்களில் 2ஜி-யை அணைத்துவைக்க ஒரு பொத்தான் இருப்பது இதற்காகத்தான். உங்கள் ஊரில் 4ஜி நன்றாகக் கிடைத்தால் அணைத்தே வையுங்கள்.

ஆனால் எங்கள் மாமா தோட்டத்தில் அதை அணைக்க முடியாது. கிணற்று மோட்டாருக்கு ஒரு செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார், உள்ளே ஒரு 2ஜி சிம். மும்முனைக் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கு வந்தால் அது அவருக்கு அழைக்கும், அவர் படுக்கையிலிருந்தே ஒரு எண்ணை அழுத்துவார், மோட்டார் ஓடும். 2013-இல் வாங்கியது. அந்தத் தோட்டத்துக்கு 3ஜி வந்ததும் அவருக்குத் தெரியாது, போனதும் தெரியாது.